நான்கடி வாங்கு

எங்கள் பதுளைக் கடைக்குள் ஒரு வாங்கு போடுவது என்று அண்ணன் தீர்மானித்தது ஒரு திங்கட்கிழமை காலையில். போர் தொடுக்கிற ராஜாக்கள்கூட மந்திரிகளைக் கலந்தாலோசிப்பார்கள். அண்ணன் யாரையும் கலக்கவில்லை. நேரே தச்சனைக் கூப்பிட்டார். நான்கடி நீளம், பலாப் பலகை, நெருக்கி உட்கார்ந்தால் மூன்று பேர்.

புதுப் பலகையின் வாசம் கருவாட்டோடும் மண்ணெண்ணெயோடும் மல்லுக்கட்டிக்கொண்டு இரண்டு நாள் கடைக்குள் நின்றது... இன்றைக்கும் மரம் அறுக்கிற இடத்தைத் தாண்டினால் எனக்குக் கருவாடுதான் நினைவுக்கு வருகிறது.

உட்காரத்தானே வாங்கு, இதில் என்ன என்று கேட்பீர்கள். உட்காரப்போவது யார் என்பதுதான் விஷயம்.

அந்த நாளில் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் கடைக்குள் ஏறக்கூடாது. படிக்குக் கீழே தெருவில் நிற்க வேண்டும். சாமானைக் கைக்குக் கை கொடுப்பதும் இல்லை. அவர்கள் முந்தியை விரித்துப் பிடிக்க, நாங்கள் மேலேயிருந்து கொட்டுவோம். இதை யார் சட்டமாக்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கவர்னர் போட்ட சட்டங்களை மீறியவர்கள் உண்டு, இதை மீறியவர் இல்லை.

இந்தச் சட்டத்தை இயற்றியவர்கள் பதுளை மழையைக் கணக்கில் எடுக்க மறந்துவிட்டார்கள்.

நமுனுகுல பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கிற மாரியாயி, மழையில் நின்று முந்தியில் உப்பு வாங்கிக்கொண்டு போனாள். அரை மணி நேரத்தில் திரும்பி வந்து ஈரத் துணியை விரித்துக் காட்டினாள்.

"உப்பு கரைஞ்சு போச்சு மொதலாளி. பாலம் தாண்டல."

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலையில்தான் அண்ணன் தச்சனைக் கூப்பிட்டது. அவர் சீர்திருத்தக்காரர் இல்லை. நல்ல உப்பு வீணானது பொறுக்கவில்லை, அவ்வளவுதான் என்று கடைசிவரைக்கும் சொல்லிவந்தார். நானும் நம்புவதாகவே சொல்லிவந்தேன்.

வாங்கு வந்த மறுநாள் எதிர்க்கடை முதலாளி வந்தார். அவர் எங்களைவிட மூத்தவர், அரிசி மண்டி வைத்திருந்தவர்.

"என்னா தம்பி, கடையா சத்திரமா?"

"கடைதாண்ணே. நனையாத கடை."

அவர் அதோடு விடவில்லை. அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கிருந்து சாமான் மாட்டு வண்டியில்தான் வர வேண்டும். எங்கள் மூட்டைகளை ஏற்றாதே என்று வண்டிக்கார பண்டாவிடம் போய்ச் சொன்னார். பண்டா சிங்களவர், தமிழ் அரைகுறை. காரணம் என்ன என்று விசாரித்தார். வாங்கு என்றார் எதிர்க்கடைக்காரர்.

"என் மாடு அதுல உக்காந்ததா?" என்று கேட்டாராம்.

மூட்டைகள் வந்தன.

வண்டியை நிறுத்த முடியாதவர்கள் வாடிக்கையை நிறுத்தப் பார்த்தார்கள். மாரியாயி தோட்டத்துப் பெரிய கங்காணியே இறங்கி வந்தார், குடை பிடிக்க ஒரு ஆளோடு. தோட்டத்துக்குள் அவருக்குச் சொந்தமாக ஒரு கடை இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

"எடுத்துருங்க மொதலாளி. இன்னைக்கு உங்க கடையில உக்காருவாங்க, நாளைக்கு எம் முன்னாடி உக்காருவாங்க."

"நீங்களும் உக்காருங்க கங்காணி. எடம் இருக்கு."

கங்காணி உட்காரவில்லை. "ஞாயித்துக்கெழம ஒரு தலை இந்தப் பக்கம் வராது, பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொன்னது சொன்னபடி நடந்தது. எங்கள் வாரமே ஞாயிற்றுக்கிழமைதான். மற்ற ஆறு நாளும் தராசைத் துடைத்துக்கொண்டிருப்போம். டவுன்காரர்களுக்குப் பழைய கடைகள் இருந்தன, எங்களுக்குத் தோட்டத்து ஆட்களை விட்டால் வேறு ஆள் இல்லை. இன்னும் ஒரு ஞாயிறு இப்படிப் போனால் கடைப் பலகையைச் சாத்திவிட்டு ஊருக்குக் கப்பல் ஏற வேண்டியதுதான்.

அன்று முழுக்க வாங்கில் அண்ணன் ஒருவர்தான் உட்கார்ந்திருந்தார். பார்க்கச் சகிக்காமல் நான் சொன்னேன்.

"கொஞ்ச நாளைக்குப் பின்கட்டுல போட்டு வைப்போமாண்ணே?"

"அங்க போட்டா அது வாங்கு இல்லடா. வெறகு."

அந்த வாரம் நான் தராசை நாளுக்கு இரண்டு தடவை துடைத்தேன்.

அடுத்த ஞாயிறு நல்ல மழை. பத்து மணி இருக்கும். தெருமுனையில் மழைக்குத் தலையில் போட்ட கம்பளிகள் தெரிந்தன... ஒன்று, இரண்டு இல்லை, ஒரு கும்பல். முன்னால் வந்த பெண்ணை நாங்கள் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

"வாங்கு போட்ட கடை இதுதானுங்களா?"

"ஆமாம்மா. யாரு சொன்னா?"

"கங்காணிதாங்க! காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல, வாங்கு போட்ட கடைக்குப் போகாதேன்னு ஒரு வாரமா இதே பேச்சு. அவரு சொல்லாட்டி மேட்டு லயத்து வரிசை வீட்டுல கெடக்கிற எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

பின்னாலிருந்து மாரியாயி வந்தாள். படியில் ஒரு கணம் நின்றாள். ஏறினாள். கம்பளியை உதறி மடித்துக்கொண்டு வாங்கின் நடுவில் உட்கார்ந்தாள். எதிர்க்கடையில் தராசுத் தட்டு அசையாமல் நின்றது.

"உப்பு குடுங்க மொதலாளி. மழை விடாம நான் எந்திரிக்க மாட்டேன்."

நான் பொட்டலம் கட்டி அவள் கையிலேயே கொடுத்தேன்.

"கங்காணி ஏசுவாரே?" என்றேன்.

"ஏசட்டுங்க. நடந்து வந்த காலு எங்களுது."

அன்று மழை மத்தியானம் வரைக்கும் விடவில்லை.

இப்போது ரயில் பதுளைக்கே வந்துவிட்டது. கடைத்தெருவில் நாற்காலி போட்டு, விசிறி கொடுத்து, "வாங்க, உக்காருங்க" என்று தெருவில் போகிறவர்களைக் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். வியாபாரம் என்றால் வாடிக்கைக்காரர்களுக்கு மரியாதை செய்வதுதானே என்று எனக்கே விளக்குகிறார்கள் இளைய முதலாளிகள். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கள் பலாப் பலகை மட்டும் கறுத்து, நடுவில் கொஞ்சம் குழிந்து, இன்னும் கடையில் கிடக்கிறது.

மாரியாயி வந்து உட்கார்ந்த அந்த மாதக் கடைசியிலேயே எதிர்க்கடை முதலாளி அதே தச்சனைக் கூப்பிட்டனுப்பினார். அவருடைய வாங்கு ஆறடி.