ரூம் மட்டும்

லாட்ஜ் கட்டப்போகிறேன் என்று எங்கள் வீட்டுக்காரர் சொன்ன அன்று நான் கேட்டது ஒரே கேள்வி. "சமையல் யாருங்க?"

"சமையலே கிடையாது அம்மணி. ரூம் மட்டும்" என்றார் அவர். அந்தப் பேச்சை நம்பித்தான் வீட்டுக்கு முன்னால் நின்ற தென்னைகளை வெட்டச் சம்மதித்தேன்.

எங்கள் வீடு துடியலூரைத் தாண்டி மேட்டுப்பாளையம் சாலையில் உள்ளே தள்ளி இருக்கிறது. பக்கத்தில், பெரிய பெரிய தண்ணீர் சறுக்குகளும் ராட்டினங்களும் உள்ள தீம் பார்க். உள்ளேயே ரிசார்ட் வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு ராத்திரி தங்கும் காசில் ஒரு குடும்பம் ஊட்டிக்கே போய் வந்துவிடலாம். ஆகவே வருகிறவர்கள் வெளியில் மலிவாக இடம் தேட ஆரம்பித்தார்கள். முதலில் ஒரு வாழைத்தோட்டம் லாட்ஜ் ஆனது. பிறகு ஒரு பாக்குத்தோப்பு. கோழிப்பண்ணை வைத்திருந்தவர்கூடக் கொட்டகையைப் பிரித்துவிட்டு மூன்று மாடி எழுப்பினார். அலை, துளி, சாரல் என்று எல்லாவற்றுக்கும் தண்ணீர்ப் பெயர். குழாயில் தண்ணீர் வருமா என்பது வேறு விஷயம்.

பீளமேட்டில் மோட்டார் பம்பு கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருந்த மனிதருக்குக் கை அரித்தது. நான்கு பக்கமும் லாட்ஜ் எழும்பும்போது நாம் மட்டும் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருப்பதா என்று கேட்டார். எட்டு அறை, ஒரு வரவேற்பு மேசை, பின்னால் எங்கள் வீடு. மேசையில் அவரே உட்கார்ந்துகொள்வார். பெங்களூரில் இருக்கும் மகள் அங்கிருந்தபடியே இணையத்தில் போட்டுக்கொடுத்தாள். அதிலும் 'ரூம் மட்டும்' என்றுதான் இருந்தது. நானே கண்ணால் பார்த்தேன்.

எனக்கு வேறு திட்டம் இருந்தது. அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த காலமெல்லாம் விடியும் முன் எழுந்து, அடுப்பு பற்றவைத்து, மூன்று டப்பா கட்டிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடியவள் நான். ஓய்வு பெற்றதும் கார் ஓட்டக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன். கார் ஷெட்டில் சும்மாதான் நிற்கிறது. ஆனால் தாராபுரத்தில் இருக்கும் என் தங்கையைப் பார்க்கப் போகவேண்டும் என்றால் இவருக்கு நேரம் ஒழிய வேண்டும், இவருக்கு முதுகு வலிக்காமல் இருக்க வேண்டும், அங்கே போன பிறகு இவர் கிளம்பலாம் என்றதும் நான் கிளம்ப வேண்டும். இந்த வயதிலும் நான் ஒரு பார்சல் மாதிரி போய் வந்துகொண்டிருந்தேன். எல்.எல்.ஆர். எடுத்து டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்டினேன். காலை ஆறரைக்கு மாஸ்டர் வீட்டு வாசலுக்கே வண்டியைக் கொண்டுவருவார். அந்த நேரத்தில்தான் சாலையில் லாரி குறைவு.

இனி எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே யாராவது வாசலில் வந்து நின்றால் முதலில் "வாங்க" என்போம், அடுத்ததாக "சாப்டீங்களா?" என்போம். கரண்ட் பில் கணக்கெடுக்க வருகிறவரிடமும் கேட்போம். வந்தவர் பசியில் கண் இருட்டிப் போயிருந்தாலும் "ஆச்சுங்க, இப்பத்தான்" என்று சொல்லிவிடுவார். மீறி வற்புறுத்தினால்தான் உட்காருவார். கேட்கிறவருக்கும் மரியாதை, சொல்கிறவருக்கும் மரியாதை, அடுப்புக்கும் ஓய்வு. இந்த ஏற்பாடு எங்களுக்குள் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

தீம் பார்க்குக்கு வருகிறவர்களுக்கு இது தெரியாது. அவர்கள் பாலக்காட்டிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகிறார்கள். முதல் நாள் முதல் குடும்பம் பைகளோடு உள்ளே வந்ததும் இவர் எழுந்து நின்று கும்பிட்டு, "வாங்க வாங்க, சாப்டீங்களா?" என்றார். அந்த மனிதர் உள்ளதை உள்ளபடி, "இல்லை சார்" என்று சொல்லிவிட்டார்.

அதற்கு மேல் இவரால் என்ன செய்ய முடியும்? சாப்பிடவில்லை என்று வாய்விட்டுச் சொன்ன ஒருவரிடம் சாவியைக் கொடுத்து மாடிக்கு அனுப்ப இவருடைய பரம்பரையிலேயே யாருக்கும் தெரியாது. போனை எடுத்துவிட்டார். பின்னால் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மணி அடித்தது. "நாலு பேரு அம்மணி. கொழந்தைங்க இருக்குது. அரிசிம்பருப்பு போட்டுறு, போதும்."

அரிசிம்பருப்பு என்பது சொல்லாமல் வந்த விருந்தாளிக்காகவே எங்கள் பக்கத்தில் கண்டுபிடித்த சோறு. அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, எல்லாவற்றையும் ஒன்றாகக் குக்கரில் போட்டால் மூன்று விசிலில் முடிந்தது. மேலே நெய். முதல் நாள்தானே, திறப்பு விழா மாதிரி என்று நானும் போட்டுக்கொடுத்தேன். குழந்தைகள் தட்டை வழித்துச் சாப்பிட்டதாக இவர் பெருமையாக வந்து சொன்னார்.

மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும் கேட்டார். ராத்திரி சாப்பிட்டவர்கள் காலையில் என்ன செய்வார்கள் என்று இவருக்குக் கவலை வந்து, இட்லி மாவு அரைக்கச் சொன்னார். மாஸ்டர் ஆறரைக்கு வாசலில் ஹாரன் அடிக்கும்போது நான் இட்லித் தட்டும் கையுமாக நின்றேன். இன்றைக்கு முடியாதுங்க என்று ஜன்னல் வழியாகச் சொல்லிச் சொல்லி அவருக்கும் சலித்துவிட்டது. கடைசியில் அவர் ஹாரன் அடித்துவிட்டு, கொஞ்சம் பார்த்துவிட்டு, தானாகவே போய்விடுவார். கியர் மாற்றுவது எப்படி என்பதே எனக்கு மறந்துபோகும் நிலை வந்தது.

சண்டை போட்டேன். அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்காதீர்கள் என்றேன். சரி என்றார். அன்று மதியம் ஒரு குடும்பம் வந்தபோது வேண்டுமென்றே கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "வாங்க" என்றார். நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். ரோட்டில் கூட்டம் எப்படி என்றார். வெயிலைப் பற்றிப் பேசினார். நான் நிம்மதியாகத் திரும்பிய நேரம் பார்த்து, "அப்புறம், சாப்டீங்களா?" என்றார்.

"வாயி நிக்க மாட்டீங்குது அம்மணி" என்றார் பிறகு. "கேக்காம உட்டா நம்மள என்னன்னு நெனைப்பாங்க?"

போர்டு எழுதி மாட்டச் சொன்னேன். 'இங்கு உணவு வசதி இல்லை' என்று நல்ல பெரிய எழுத்தில் மாட்டினார். அதன் அடியிலேயே நின்றுகொண்டு, வருகிறவர்களைச் சாப்டீங்களா என்று கேட்டார். முக்கில் ஒரு மெஸ் இருக்கிறதே, அங்கே அனுப்பலாமே என்றேன். அங்கே எண்ணெய் சரியில்லை, தண்ணீரில் ஆடிவிட்டு வருகிற குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளாது என்றார். நாற்பது வருடம் பம்புக்கு வால்வு செய்த மனிதருக்குத் திடீரென்று ஊரார் குழந்தைகளின் வயிற்றைப் பற்றி இவ்வளவு ஞானம். ஒரு சமையல்காரம்மாவை வைக்கலாம் என்றேன். ரூம் மட்டும் என்று சொல்லிவிட்டு ஆள் வைத்துச் சமைத்தால் அது ஓட்டல் ஆகிவிடும், ஓட்டல் நடத்துகிற உத்தேசம் தனக்கு இல்லை என்றார். அதாவது ஆள் வைத்தால் ஓட்டல், நான் செய்தால் விருந்தோம்பல். எனக்கு வந்த கோபத்துக்குக் கையில் இருந்த கரண்டியை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை.

இதற்கு நடுவில் மகள் போன் செய்து சந்தோஷமாகச் சிரித்தாள். இணையத்தில் எங்கள் லாட்ஜைப் பற்றி வந்தவர்கள் எழுதியிருக்கிறார்களாம். அறை சுமார், பாத்ரூம் சிறியது, ஆனால் ஆன்ட்டியின் அரிசிம்பருப்புக்காகவே போகலாம் என்று. ஒருவர் யோசனையும் சொல்லியிருந்தார்: போனதும் அங்கிள் ஒரு கேள்வி கேட்பார், சாப்பிடவில்லை என்று சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு வந்தவர்கள் இவருக்குக் கேட்கிற சிரமத்தையும் வைக்கவில்லை. காரிலிருந்து இறங்கும்போதே "அங்கிள், நாங்க இன்னும் சாப்பிடலை" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்கள். இவருக்கு முகமெல்லாம் பல்.

டிரைவிங் ஸ்கூலிலிருந்து கடைசி முறையாகக் கூப்பிட்டார்கள். என் எல்.எல்.ஆர். முடியப்போகிறது, திங்கட்கிழமை டெஸ்டுக்கு வரவில்லையென்றால் எல்லாம் முதலிலிருந்துதான் என்றார்கள். அதற்கு முந்தைய வாரம் மகள் வந்திருந்தாள். காலைச் சமையலை அவள் தலையில் கட்டிவிட்டு, தினமும் ஓட்டப் போனேன். கைக்கு வண்டி திரும்ப வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மகள் பெங்களூருக்கு ரயில் ஏறினாள். அது பள்ளி விடுமுறைக் காலம் வேறு. எட்டில் ஏழு அறை நிரம்பிவிட்டது. சாயங்காலம் இவர் வீட்டுக்குள் வந்து, காலையில் எல்லாரும் சீக்கிரம் பார்க்குக்குப் போகிறார்களாம், ஆறரைக்கே பொங்கல் வைத்துவிட்டால் தோதாக இருக்கும் என்றார். எனக்கு டெஸ்ட் என்பது அவருக்குத் தெரியும். ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். அந்த ஞாபகம் வராததுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒரு பையில் மாற்றுச் சேலை, சீப்பு, எல்.எல்.ஆர்., கைப்பேசி எல்லாம் எடுத்து வைத்தேன். சமையலறை விளக்கை அணைத்தேன். வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போய், படியேறி, வரவேற்பு மேசைக்கு எதிரே நின்றேன். என் ஆதார் அட்டையை மேசைமேல் வைத்தேன்.

"ஒரு ரூம் வேணுமுங்க. ஒரு ராத்திரிக்கு."

இவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் எங்களைத் திரும்பிப் பார்த்தது. ஆட்கள் முன்னால் எப்படி நடந்துகொள்வது என்று தெரியாமல் இவர் அட்டையை எடுத்துப் பார்த்தார், என்னவோ எழுதினார், மாடியில் கடைசி அறைச் சாவியை எடுத்தார். சாவியை நீட்டும்போது அவரை அறியாமல் வாயில் வந்துவிட்டது.

"சாப்டீங்களா?"

"இல்லீங்க" என்றேன். "பசிக்குது. காலைல ஆறு மணிக்கும் ஏதாச்சும் வேணுமுங்க. டிரைவிங் டெஸ்டுக்குப் போறேன்."

அவர் கை பழக்கத்தில் போனை எடுத்து அழுத்தியது. என் பைக்குள் மணி அடித்தது. அவர் பையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவரே கட் செய்தார்.

"செத்த நேரம் ஆகுமுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து பின்பக்கம் போனார். நான் சாவியோடு மாடி ஏறினேன். பாதிப் படியில் கீழேயிருந்து குரல் வந்தது. "அம்மணி, உப்பு எங்க வெச்சிருக்கற?"

"எனக்கெப்புடிங்க தெரியும்?" என்றேன். "நான் ரூம் எடுத்துத் தங்கியிருக்கறவ."

அறைக்கு வந்த தட்டில் அரிசிம்பருப்பு களியாக இருந்தது. உப்பு இருந்தது. நெய் ஊற்ற மறந்திருந்தார். முழுவதும் சாப்பிட்டேன்.

காலையில் ஆறு மணிக்குக் கீழே இறங்கினேன். சமையலறையில் சத்தமாக இருந்ததால் எட்டிப் பார்த்தேன். லாட்ஜில் தங்கியிருந்த பாலக்காட்டு அம்மா ஒருத்தி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் வெங்காயம் நறுக்கினார். எங்கள் வீட்டுக்காரர் பெரிய பாத்திரத்தில் உப்புமா கிண்டிக்கொண்டு, வேர்வையோடு, எல்லாரையும் வேலை ஏவிக்கொண்டிருந்தார். யாரும் பட்டினியாக இல்லை. யாருக்கும் என் நினைவே இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல்தான், முன்னைவிட அதிகமாக. என்னைத் தவிர வேறு யாராலும் முடியாது என்று இத்தனை மாதம் நான் விட்ட காலை வேளைகள் எல்லாம், இவர் உப்பு இருக்கிற இடத்தைத் தேடிக் கண்டுபிடித்திருந்தால் எனக்கு மிஞ்சியிருக்கும்.

மாஸ்டர் வந்துவிட்டார். உப்புமாவுக்கு நிற்காமல் போய் வண்டியில் ஏறினேன்.

டெஸ்டில் பக்கத்தில் உட்கார்ந்த இன்ஸ்பெக்டர் இளவயதுக்காரர். சொன்ன இடத்தில் திருப்பினேன், சொன்ன இடத்தில் நிறுத்தினேன், பின்னால் எடுக்கச் சொன்னபோது ஒரே தடவையில் எடுத்தேன். அவர் தாளில் குறித்துக்கொண்டே சொன்னார்.

"ஏனுங்கம்மா, யாரு மேலயோ கோவத்துல ஓட்டறாப்பல இருக்குதுங்க. ஆனா சரியாத்தான் ஓட்டறீங்க."

பாஸ் போட்டுவிட்டார். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு வெளியே வேப்பமர நிழலில் நின்று தங்கைக்குப் போன் செய்தேன். வியாழக்கிழமை தாராபுரம் வருகிறேன், தனியாகத்தான் வருகிறேன், நான் வருகிறேன் என்று எதுவும் ஆக்கி வைக்காதே, வந்த பிறகு இரண்டு பேரும் எங்கேயாவது வெளியில் போய்ச் சாப்பிடலாம் என்றேன்.