கேரட்டை இரண்டு கண்ணாலும் பார்த்தது

1. திங்கள்: அண்ணனுக்குச் சளி. வலது மூக்கு அடைப்பு.
2. புதன்: மஞ்சள் சளி, கண்ணுக்குப் பக்கத்தில் வலி. தைலம் போட்டு ஆவி பிடித்தான்.
3. வெள்ளி காலை: காய்ச்சல். வலது இமை வீங்கி மூடிக்கொண்டது. தோட்டத்தில் வண்டு கடித்ததென்று வீட்டில் முடிவானது.
4. வெள்ளி மதியம்: விடுமுறைக்கு நான் மலைமேலிருக்கும் எங்கள் ஊர் பூம்பாறையில் வந்து இறங்கினேன்.

கீழே ஓர் ஆஸ்பத்திரியில் சிடி ஸ்கேன் எடுப்பது என் வேலை. இமையைத் தூக்கிப் பார்த்தேன். கண் சற்று முன்னால் தள்ளியிருந்தது. உருட்டச் சொன்னால் வலித்தது. வண்டுக்கடி அப்படிச் செய்யாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னேன்.

"கேரட்டு மூட்டை கட்டிக் கெடக்கு. லோடு எறக்கிட்டு வந்து பாத்துக்குவோம். நீ படம் புடிக்கிறவதான? டாக்டரம்மா கணக்கா பேசாத," என்றான் அண்ணன்.

அவன் ஜீப் டிரைவர். கண் போனால் பிழைப்பும் போகும். வாதாட நேரமில்லை. கழுவி வைத்திருந்த கேரட் ஒன்றை எடுத்து அவன் முன்னால் நீட்டி, வலது கண்ணைக் கையால் பொத்தினேன்.

"என்ன கலர்ண்ணே?"

"கேரட்டு கலரு. ஏன், நீ பாத்ததில்லையா?"

இடது கண்ணைப் பொத்தி, வலது இமையை விலக்கிப் பிடித்தேன். கேரட்டுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தான்.

"இது வேற கேரட்டா? வெளுத்துப்போயிக் கெடக்கு."

"அதே கேரட்டுதான்."

கையிலிருந்து பிடுங்கி, மாற்றி மாற்றி அவனே பார்த்தான். பிறகு சாவியை என்னிடம் நீட்டினான்.

"தங்கச்சி சொன்னா கேக்கமாட்டாரு, கேரட்டு சொன்னாத்தான் கேப்பாரு," என்றார் மதினி. "வெரசா கெளம்புங்க."

மலையிறங்கும்வரை ஜீப்பை நான் ஓட்டினேன். ஒவ்வொரு வளைவிலும் கியர் மாற்றச் சொல்லிக்கொண்டே வந்தான்.

ஸ்கேனையும் நானே எடுத்தேன். வழக்கம்போலப் பெயர் கேட்டேன், வயது கேட்டேன். "கூடப் பொறந்தவ கேக்குற கேள்வியா இது?" என்றான். திரையில் காரணம் தெரிந்தது. மூக்கோரத்து சைனஸ் அறைகளுக்கும் கண்குழிக்கும் நடுவே காகிதம் போல மெல்லிய எலும்புதான் சுவர். சளியில் பிடித்த சீழ் அதைத் தாண்டிக் கண்குழிக்குள் சேர்ந்து, பார்வை நரம்பை நெருக்கிக்கொண்டிருந்தது. நிறம் வெளுத்துத் தெரிந்தது அதனால்தான். அன்று இரவே மூக்கு வழியாக அறுவை செய்து சீழை வெளியேற்றினார்கள். ஊசி மருந்தும் ஏறியது.

இப்போது வலது கண் எழுத்துகளை முழுதாகப் படிக்கிறது. கேரட் மட்டும் இடது கண்ணைவிட கொஞ்சம் வெளுப்பாகத் தெரிகிறது. அது கடைசிவரை அப்படியே இருந்துவிடலாம் என்கிறார் கண் மருத்துவர். வண்டி ஓட்ட அனுமதித்துவிட்டார். அண்ணன் லோடு எடுக்கிறான்.