டீ அம்மாவின் ஓட்டு

என் மனைவியின் முகூர்த்தப் புடவை ஒரு சிவப்பு அட்டைப்பெட்டியில் இருக்கிறது. அதன் மூடியில் விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு. வெட்டியவன் நான்தான். எங்கள் ஊர்ப்பக்கம் ஆரணியில் அல்ல, தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குப் பக்கத்தில் ஒரு துணி ஆலையின் சாப்பாட்டு அறையில். தறி மெக்கானிக்காக ஒப்பந்தத்தில் அங்கே போனபோது, அந்தப் பெட்டி நிறைய முறுக்கு வைத்துக் கொடுத்திருந்தாள். முறுக்கு ஒரு வாரத்தில் தீர்ந்துவிட்டது.

நிறவெறி ஆட்சி முடிந்து, கறுப்பின மக்களும் ஓட்டுப் போடப்போகும் முதல் தேர்தல் வந்தது. ஆலையில் பலர் வாக்குச்சீட்டைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. இந்தியாக்காரனுக்கு இதெல்லாம் தெரியுமே என்று ஒத்திகை நடத்த என்னைக் கூப்பிட்டார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. புடவைப்பெட்டியின் மூடியை வெட்டி ஓட்டுப்பெட்டி ஆக்கினேன். நிஜக் கட்சிகள் வேண்டாமென்று, டீ இடைவேளை பத்து நிமிடம் போதுமா, கால்மணி நேரம் வேண்டுமா என்று சீட்டு தயாரித்தேன்.

ஆலைக்கே டீ போட்டுக் கொடுத்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். கறுப்பினப் பெண்மணி. வெள்ளைக்கார மேற்பார்வையாளருக்குப் பீங்கான் கோப்பை, மற்றவர்களுக்குத் தகரக் குவளை என்ற பழைய ஏற்பாடு அப்போதும் மாறவில்லை. ஓட்டுப் போடவென்று புதிதாக வாங்கிய அடையாள அட்டையைக் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டுவார்.

ஒத்திகைச் சீட்டுகளை எண்ணும்போது ஒன்றில் டீக்கறை இருந்தது. "இது டீ அம்மா ஓட்டு! கால்மணி கேட்கிறார்!" என்று தூக்கிக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். வாசலில் நின்ற மேற்பார்வையாளரும் சிரித்தார். டீ அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

எனக்கு அதில் தப்பே தெரியவில்லை. ஆரணிப் பக்கம் முள்ளிப்பட்டு கிராமத்தில் வீடு வீடாகப் பட்டு நூல் கொடுத்து நெய்ய வைத்தவர் என் அப்பா. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், "நம்ம தறிங்க மொத்தமும் ஒரே பக்கந்தாங்க" என்பார். நெய்கிறவர்களை யாரும் கேட்டதில்லை. நான் மட்டும் என்ன யோக்கியம்? ஒவ்வொரு தேர்தலிலும் என் மனைவியிடம், "சொன்னதுலதான போட்ட?" என்று கேட்டவன்தானே.

மறுநாள் டீ அம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். அவர் பேசியது ஆங்கிலம். என் நினைவில் நிற்பதோ எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான். "கறைய பாத்து நீ கண்டுபுட்ச. நாளிக்கி மொதலாளிங்க கண்டுபுடிக்க மாட்டாங்களா? எனுக்கு வேல வேணும்பா. நான் ஓட்டு போட வரல." நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெடவிருந்தது, ஒருவர் ஆயுள் முழுக்கக் காத்திருந்த ஓட்டு.

எல்லோர் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். மறுபடி ஒத்திகை. ஒரே பென்சில், எல்லாச் சீட்டும் நான்காக மடிப்பு, பெட்டியை நன்றாகக் குலுக்கல். எண்ணுகிறவர் டீ அம்மா. ஒவ்வொன்றையும் பிரித்தார், திருப்பினார், வெளிச்சத்தில் பிடித்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். முதலிலிருந்து இன்னொரு தடவை. பிறகு மேசையைத் தட்டிச் சிரித்தார். "என்னுது எதுன்னு எனுக்கே தெரியலப்பா!"

தேர்தலன்று விடியற்காலையிலேயே வரிசையில் நின்றார். அதே வரிசையில் அவருக்குப் பின்னால் மேற்பார்வையாளர். மறுநாள் டீ ஊற்றும்போது, யாருக்கு ஓட்டென்று கேட்பேனா என என் முகத்தையே பார்த்தார். நான் கேட்கவில்லை. குவளை ததும்ப ஊற்றினார். அடுத்த வாரம் மேற்பார்வையாளருக்கும் தகரக் குவளைதான். பீங்கான் கோப்பை கைதவறி உடைந்துவிட்டதாம்.

ஊர் திரும்பியதும், "இன்னாங்க இது, முகூர்த்தப் பொடவ பெட்டிய இப்டி கிழிச்சி எட்த்துகினு வந்துகீறீங்க?" என்று மனைவி பிடித்துக்கொண்டாள். கதையைச் சொன்னேன். வேறு பெட்டி வாங்கலாம் என்றதற்கு, வேண்டாம் என்றுவிட்டாள். அதற்குப் பிறகு அவள் யாருக்கு ஓட்டுப் போடுகிறாள் என்று எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இது தெரியாமல் இருப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

போன தேர்தலில் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட்டுவிட்டு இருவரும் நடந்து வந்தோம்.

"இன்னாங்க, கேக்க மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்தாள். பூத் சிலிப்பை நான்காக மடித்து, மூடியைத் திறக்காமல், அந்த வெட்டின் வழியாகப் பெட்டிக்குள் போட்டாள்.