கட்டம் போட்ட கீரையும் அப்பா அடிச்ச மருந்தும்

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் லேப்டாப்பை மூடிட்டு பின்வாசல் கதவைத் தொறந்தேன். குப்புன்னு ஒரு வாடை.

மருந்து. பூச்சி மருந்து.

ஏலக்காய் தோட்டத்து வீட்டுப் புள்ளைக்கு அந்த வாடையச் சொல்லித் தரணுமா? அப்பா சட்டையில, அவர் துண்டுல, ஜீப்பு சீட்டுலன்னு சின்ன வயசுல இருந்து மோந்ததுதான். ஆனா மலை மேல இருக்க வேண்டிய வாடைக்கு போடியில, என் வீட்டுக் கொல்லையில என்ன சோலி?

போய்ப் பாத்தா என் பெட்டித் தோட்டம் பூரா ஈரம். கீரை, முள்ளங்கி, கத்தரி... ஒண்ணு பாக்கி இல்ல. எல்லா இலையிலயும் பொட்டுப் பொட்டா வெள்ளை.

படியில ஒரு மஞ்சப்பை. உள்ள நாலு பட்டர் ஃப்ரூட்டு, அம்மா முடிச்சுப் போட்டுக் குடுத்த மிளகு.

அப்போ... அப்பா வந்திருக்காரு. வந்துட்டுப் போயிட்டாரு.

புதுசா படிக்க வந்தவங்களுக்கு சின்னதா ஒரு ரீகேப். எனக்கு வொர்க் ஃப்ரம் ஹோம். அம்மா அப்பா மலை மேல, தோட்டத்துல. அங்க டவர் இல்ல. டவர் இல்லன்னா எனக்கு சம்பளம் இல்ல. அதனால நான் மட்டும் கீழ, போடி வீட்ல தனியா. ஜன்னலைத் தொறந்தா மலை தெரியும். மலையில இருக்கிற ஆளுகளப் பாத்துத்தான் மாசக்கணக்காச்சு.

தனியா இருந்தா என்ன ஆகும் தெரியுமா? நாள் பூரா மீட்டிங்ல இங்கிலீஷ்ல பேசுவேன். தமிழ்ல பேசுறது பால்காரர்கிட்ட மட்டும். அதுவும் “அரை லிட்டர்ணே.” அவ்ளோதான் டயலாக். ஃப்ரெண்ட்ஸு? எல்லாம் சென்னை, பெங்களூரு. குரூப்புல பர்த்டேக்கு கேக் எமோஜி போடுவாங்க.

அந்தக் கடுப்புலதான் இந்தப் பெட்டி. கொல்லை பூரா சிமெண்ட் தளம். அது மேலயே பழைய பலகைய அடிச்சு நாலடிக்கு நாலடி ஒரு பெட்டி, உள்ள மண்ணு, சாணி உரம், தேங்காய் நார்த்தூளு. மேல கயிறு கட்டி பதினாறு கட்டம். ஒரு கட்டத்துல ஒரே ஒரு கத்தரி. பக்கத்துக் கட்டத்துல பதினாறு முள்ளங்கி. அடுத்ததுல தண்டுக்கீரை. ஒரு கட்டம் காலியானா ஒரு கை உரத்தைப் போட்டு வேற வெதை. “ஒரு ஆளுக்கு இது போதும்”னு வீடியோவுல சொன்னாங்க. அந்த ‘ஒரு ஆளு’ங்கிற வார்த்தையிலதான் நான் விழுந்தேன்.

அப்பாகிட்ட போன்ல சொன்னப்போ ஒரே சிரிப்பு. “கயிறு கட்டி கட்டமா? தாயம் வெளாடவா ஆத்தா?”

இருக்கட்டும்யா, வந்து தின்னு பாருங்கன்னு வைராக்கியம். அந்த ஞாயித்துக்கெழமை அம்மாவும் அப்பாவும் எறங்கி வர்றதாப் பேச்சு. கீரை மசியல், முள்ளங்கி சாம்பார், கத்தரிக்காய் புளிக்குழம்பு... மெனு ரெடி. ஒரு இலைகூடக் கிள்ளாம, கடையில காய் வாங்கித் தின்னுக்கிட்டு, எல்லாத்தையும் அவங்களுக்குன்னே விட்டு வெச்சிருந்தேன். ஒரு சொட்டு மருந்து படாம!

நான் கூப்பிட்டா அங்க லைன் போகாது. அப்பா பாறை மேல ஏறி சிக்னல் புடிச்சு அவரா கூப்பிட்டாத்தான் உண்டு. அன்னிக்கு இருட்டுற நேரம் கூப்பிட்டாரு.

“வந்தீங்களாப்பா?”

“ஆமாத்தா. லோடு எறக்க வந்தோம். அப்படியே உன்னையும் பாத்துட்டுப் போலாம்னு.”

“எங்க பாத்தீங்க? நான் பாக்கவே இல்லையே!”

“நான் பாத்தேன்ல. ஜன்னல் வழியா.”



“கூப்பிட வேண்டியதுதானப்பா?”

“ரெண்டு தடவ கூப்பிட்டேன். நீ காதுல அதை மாட்டிக்கிட்டு இங்கிலீஷ்ல யாரையோ வையிற மாதிரி பேசிக்கிட்டு இருந்த. சோலியா இருக்கியேன்னு பின்னாடி போய் நின்னேன். ஜீப்புக்காரப் பய வேற வெரசா வாண்ணே, வெரசா வாண்ணேன்னு ஹாரன் அடிக்கிறான். சும்மா எப்படி நிக்கிறது? கத்தரி இலையப் பொரட்டிப் பாத்தா வெள்ளை ஈ! வண்டியில மருந்து கெடந்துச்சு. அடிச்சு விட்டேன். இனி ஒண்ணும் அண்டாது பாரு.”

குரல்ல அம்புட்டு பெருமை.

எனக்கு சுர்ருன்னு ஏறிருச்சு. “அது திங்கிறதுப்பா! ஏலக்காய் இல்ல!”

“ஏலக்காயும் திங்கிறதுதான ஆத்தா?”

 இதுக்கு பதில் உங்ககிட்ட இருக்கா?

“உங்களுக்கும் அம்மாவுக்கும்னுதான்பா பறிக்காமலே வெச்சிருந்தேன். ஞாயித்துக்கெழமைக்கு...”

  

“அதைச் சொல்லத்தான்த்தா வந்தேன். ஞாயித்துக்கெழமை வர முடியாது. காய் பறிக்க இப்பத்தான் ஆளு கெடச்சிருக்கு. இதை விட்டா காய் பழுத்து உதுந்துரும். போன்ல சொன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவ. நேர்ல சொல்லுவோம்னு...”

புரியுதா? லோடு சும்மா சாக்கு. மனுசன் என் மூஞ்சியப் பாத்து சொல்ல வந்திருக்காரு. நான் யாரோ ஒரு ஆளுக்கு எக்செல் ஷீட்டை ஷேர் பண்ணிக்கிட்டு இருந்திருக்கேன்.

இந்த மாதிரி அப்பாக்களுக்கு வாயில பாசம் வராது. கையில என்ன கெடக்குதோ அதுல காட்டிட்டுப் போயிருவாங்க. பட்டர் ஃப்ரூட்டு இருந்தா பட்டர் ஃப்ரூட்டு. மருந்து இருந்தா மருந்து.

ஞாயித்துக்கெழமை எல்லாத்தையும் புடுங்கினேன். பக்கத்து வீட்டு ஆட்டுக்குக்கூட போட முடியாது, செத்துத் தொலைஞ்சா? சாக்குல கட்டி வெச்சேன். கத்தரியப் புடுங்க மட்டும் மனசு வரல. வெள்ளை ஈ பூரா ஓடிப்போய், அது பாட்டுக்கு வெக்கமே இல்லாம பளபளன்னு நிக்குது. மத்தியானம் பட்டர் ஃப்ரூட்டுல சக்கரையப் போட்டு பிசைஞ்சு நானே தின்னேன். நல்லாத்தான் இருந்துச்சு. நல்லாருக்குன்னு சொல்லத்தான் ஆள் இல்ல.

திங்கக்கெழமை மீட்டிங்ல மேனேஜர் கேட்டாரு: “உங்க பக்கம் ஒரே ஜீப்பு சத்தமா இருக்கே?”

இருக்கும் சார். இப்பல்லாம் ஜன்னலைத் தொறந்து வெச்சுட்டு, ஹெட்போனை ஒரு காதுலதான் மாட்டுறேன்.