சிவப்பு அம்பு ஸ்டிக்கர்

பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. துணியில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. பழுதான இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன். சரிசெய்ய முடிந்தால் ஆல்டர், முடியாவிட்டால் ரிஜெக்ட்.

என் மகளுக்கு ஏழு வயது. படுக்கையை நனைப்பது நிற்கவே இல்லை. எனக்கோ கோபம் மூக்குக்கு மேல் வரும். ஒரு நாள் காலையில் கைப்பையில் கிடந்த ஸ்டிக்கரை எடுத்து ஈர விரிப்பில் ஒட்டி, "பாருடி உன் லட்சணத்தை!" என்று கத்தினேன். அவள் அழவில்லை. அம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தினமும் ஒட்டினேன், சூடு சொரணை வந்து நிறுத்திவிடுவாள் என்று. படுபாவி நான்.

ஒரு மத்தியானம் பள்ளிக்கூடத்து ஆயா போன் செய்தார். "ஏனுங்க, பாப்பா ஜட்டிக்குள்ள பனியன் வேஸ்ட்டாத் திணிச்சு வெச்சிருக்குதுங்க. அத்தனையும் ஈரமுங்க."

வீடு துடைக்க நான் கம்பெனியிலிருந்து கொண்டுவரும் வெட்டுத்துணி அது. பகலிலும் ஒழுகியிருக்கிறது, எத்தனை மாதமாகவோ! அது மட்டும் என் கண்ணுக்குத் தப்பிவிட்டது.

அன்றைக்கே நல்லூரில் ஒரு டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ராத்திரி மட்டும்னா பெரும்பாலும் வளர வளரச் சரியாயிருமுங்க. இவ பகல்லயும் நனைக்கறா, முக்கி முக்கிச் சொட்டாப் போறா, அடிக்கடி காய்ச்சல் வேற வருது. கிட்னி, முதுகுத்தண்டு எல்லாம் பார்க்கோணும். கோயமுத்தூர்ல குழந்தைங்க ஸ்பெஷலிஸ்டுக்கு எழுதித் தர்றேன், தள்ளிப்போடாதீங்க. அவ வேணும்னு செய்யலீங்க, திட்டாதீங்க."

சீட்டை வாங்கிக் கைப்பையில் வைத்தேன்.

கோயமுத்தூரில் ஸ்கேன் எடுக்கக் கவுனைத் தூக்கிய நர்ஸ் அப்படியே நின்றுவிட்டார். மகளின் தொப்புளுக்குக் கீழே ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது.

"எங்கன்னு அவங்களுக்குத் தெரியோணுமில்லீங்களாம்மா" என்றாள் மகள்.

அதை உரிக்கப் போனேன். அதன் ஓரம் நகத்தில் பிடிபடவே இல்லை. நர்ஸ்தான் உரித்து எடுத்தார். ஸ்பெஷலிஸ்ட் கருவியை வயிற்றில் வைத்து நகர்த்தினார். ஒரே இடத்தில் வெகுநேரம் நிறுத்தினார். மகள் என் கையைப் பிடித்து இழுத்து, காதோடு கேட்டாள்.

"நான் ஆல்டருங்களாம்மா, ரிஜெக்டுங்களாம்மா?"

"ஆல்டர்தான் கண்ணு, ஆல்டர்தான்" என்றேன். டாக்டர் இன்னும் எதுவும் சொல்லவில்லை.