லூர்து மேரி, பி.ஏ. வரலாறு

எங்கள் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களுக்கு ராமநாதபுரத்தில் ஒரு சங்கம் உண்டு. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, மாலை நாலு மணிக்கு ஒரு பள்ளிக்கூட அறையில் கூடுவோம். நான் அதன் செயலாளர். 2002 ஜூன் கூட்டத்துக்கு லூர்து மேரி முதன்முதலாக வந்தார். தங்கச்சிமடத்துக்காரர். கருவாட்டு வியாபாரம். நேரே போய் முன்வரிசையில் உட்கார்ந்தார்.

தலைவர் வேல்சாமி ஓய்வுபெற்ற தாசில்தார். "அம்மா, இது பழைய மாணவர் சங்கம்" என்றார்.

"தெரியும் சார். நானும் பழைய மாணவிதான்." பையிலிருந்து பட்டச் சான்றிதழை எடுத்து நீட்டினார்.

வேல்சாமி வாங்கிப் பார்த்தார். "தபால்ல படிச்சதா? நேர்ல படிச்சவங்களுக்குத்தாம்மா இங்கன இடம். சங்க விதி அப்படி."

"என் முத்திரை வேற, உங்க முத்திரை வேறயா சார்?"

"பல்கலைக்கழகத்துக்குள்ள கால் வச்சதுண்டா நீங்க?"

"பட்டம் வாங்கப் போனப்ப வச்சேன். வாசல்லயே செருப்பு அறுந்துபோச்சு. வெறுங்காலோடதான் நடந்தேன். நல்லாவே வச்சிருக்கேன்."

யாரோ சிரித்துவிட்டார்கள். வேல்சாமி சிரிக்கவில்லை.

அடுத்த மாதமும் வந்தார். அதற்கடுத்த மாதமும். வருகைப் பதிவேட்டில் அவர் பெயரை எழுத எனக்கு அனுமதி இல்லை. அதற்காக அவர் எழுந்து போகவும் இல்லை. கூட்டம் முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுதான் அவர் கதை தெரிந்தது. கணவர் சந்தியாகு 1987இல் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. நிவாரணம் கேட்டுப் போன அலுவலகத்தில் ஒருவர், "படிக்காதவங்ககிட்டச் சொன்னா எங்க புரியுது" என்று இவர் காதுபடச் சொல்லியிருக்கிறார். இவர் பிளஸ் டூ தேறியவர். அந்த வருடமே தபால்வழி பி.ஏ.வுக்கு விண்ணப்பித்தார். ஆங்கிலத் தாளில் நாலு தடவை தோல்வி. ஐந்தாம் தடவை தேறிவிட்டார்.

"இவ்வளவு அவமானப்பட்டு எதுக்கும்மா வரணும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவமானம் எனக்கா? விதியை எழுதுனவுக இருக்காகள்ல, அவுகளே மாத்தட்டும். அதுவரைக்கும் வாரேன்."

2003 ஜனவரியில் ஆண்டுக் கூட்டம். விதியைத் திருத்தக் கோரி ஒரு மனுவோடு வந்தார். உறுப்பினர் அல்லாதவர் மனுக் கொடுக்க முடியாது என்று வேல்சாமி மறுத்தார்.

பின்வரிசையில் மீரா சாகிபு எழுந்தார். கீழக்கரையில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், பத்து வருட உறுப்பினர்.

"அப்ப அதை என் பேர்ல எடுத்துக்கங்க. நானும் தபால்தான் சார். சொல்ல வெக்கப்பட்டு மறைச்சிட்டேன். இந்தம்மா ஏழு மாசமா முன்னாடி உக்காந்திருக்கதப் பாத்து, மறைச்சதுதான் வெக்கமா இருக்கு."

கை தூக்கச் சொன்னார்கள். ஆதரவாக இருபத்திரண்டு பேர், எதிர்த்து ஒன்பது பேர். விதி திருத்தப்பட்டதாக வேல்சாமியே அறிவித்தார். உறுப்பினர் படிவத்தையும் தன் கையாலேயே நீட்டினார்.

லூர்து மேரி ஒவ்வொரு வரியாக நிரப்பினார். 'தங்கிப் படித்த விடுதி' என்றிருந்த இடத்தில் பேனா நின்றது.

"அதைக் காலியா விட்டுருங்கம்மா" என்றார் வேல்சாமி.

"எதுக்கு விடணும்?" என்று கேட்டு, 'சொந்த வீடு, அடுப்படி' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

பிப்ரவரிக் கூட்டத்தில் தேநீர் வந்தபோது, பெண்கள் பரிமாறினால் நன்றாயிருக்கும் என்றார் ஒருவர். லூர்து மேரி இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"நான் உறுப்பினர் சார். எனக்கும் ஒண்ணு கொண்டாங்க."