மணலுக்குள் ஒரு ஷாட்

பூங்கொடி தன் புருஷனைச் சாப்பிட விடுவதற்கு முன் ஒரு பரிசோதனை நடத்துவாள். கூடுவாஞ்சேரியில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒற்றை அறை வாடகை வீடு. ஷூட்டிங் முடிந்து வந்த அருணகிரி சட்டையைக் கழற்றிவிட்டு டியூப் லைட்டுக்குக் கீழே நிற்க வேண்டும். தோள், விலா, முழங்கை என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

"பொய் சொல்லாத மாமா. இங்க ஊதாவா கீது."

இத்தனையும் முடிந்தால்தான் சோறு. சந்தையில் மாடு பிடிக்கிறவன்கூட இவ்வளவு பார்க்க மாட்டான்.

படாளத்தில் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம் அவளுடையது. மாப்பிள்ளை சினிமாவில் இருக்கிறார் என்று சொல்லித்தான் பெண் கேட்டு வந்தார்கள். தெருவே வாயைப் பிளந்தது. கல்யாணத்துக்கு அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. பதினைந்து பேர் கும்பலாக ஓடிவந்து ஹீரோவிடம் உதை வாங்கிப் பறக்கிறார்களே, அதில் இடமிருந்து நாலாவது ஆள்தான் மாப்பிள்ளை. முகம் தெரிவதற்குள் விழுந்துவிடுவார். முதல் படத்தில் அவன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுந்ததைப் பார்த்ததோடு பூங்கொடி தியேட்டர் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். அவன் வேலைக்குப் போகிற நாளெல்லாம் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். யாராவது கதவைத் தட்டினால் போதும், அவனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அலறிக்கொண்டு ஓடிவருவாள். பால்காரர்கூட அந்த வீட்டுக் கதவைத் தட்டாமல் குரல் கொடுக்கப் பழகிக்கொண்டார்.

தொண்ணூற்றெட்டில் அருணகிரிக்கு ஒரு குங்ஃபூ படம் வந்தது. ஹாங்காங் கேசட்டுகளைத் தேயத் தேயப் பார்த்திருந்த கோதண்டராமன் மாஸ்டர்தான் சண்டை அமைப்பு. படத்தில் ஹீரோ நிஜமாகவே பாய்ந்து பாய்ந்து உதைப்பான்; அடுத்த நொடியே மீன் கூடைக்குள் காலை விட்டு வழுக்கி விழுவான். பார்க்கிறவன் ஒரு கண்ணால் பயப்பட வேண்டும், இன்னொரு கண்ணால் சிரிக்க வேண்டும் என்பது டைரக்டரின் திட்டம்.

"இது காமெடிப் படம் பூங்கொடி. அடிகூட சிரிப்பு அடிதான். மாமல்லபுரத்துலதான் எடுக்கிறாங்க. கூட்டத்துல நிக்க பொம்பளைங்க வேணுமாம், நீயும் வா. ஒரு தபா பாத்துட்டின்னா உன் பயம் போய்டும்" என்றான் அருணகிரி.

பயம் போவதற்காக அவள் போகவில்லை. தன் கண்ணெதிரில் இருந்தால் அவனுக்கு ஒன்றும் ஆகாது என்ற அசட்டு நம்பிக்கையில் போனாள்.

ஊருக்குத் தெற்கே கடற்கரையில் மீன் சந்தை மாதிரி செட் போட்டிருந்தார்கள். கூட்டத்துக்குப் பெண்களைக் கூட்டி வந்திருந்த சந்திரம்மா, பூங்கொடி கையில் ஒரு மீன் கூடையைக் கொடுத்தாள்.

"ரெண்டே விசயம். கேமராவப் பாக்காத. கட் சொல்ற வரிக்கும் நின்ன எடத்த விட்டு நவுராத. நவுந்தின்னா ஷாட்டு போச்சு, அப்புறம் என்னையும் எவனும் கூப்புட மாட்டான்."

அன்றைக்கு அருணகிரிக்கு ஒரே ஒரு ஷாட். ஹீரோ உதைத்த உதையில் அடியாள் பறந்துபோய்த் தலைகீழாக மணலில் குத்தி நிற்கிறான். இடுப்புக்கு மேல் மணலுக்குள், வெளியே இரண்டு கால் மட்டும் ஆடுகிறது. இதற்காக அடிப்பக்கம் வெட்டிய ஒரு தகர டிரம்மை மணலில் புதைத்திருந்தார்கள். ஆளைத் தலைகீழாக அதற்குள் இறக்கி, இடுப்பைச் சுற்றிச் சாக்கும் மணலும் போட்டு மூடிவிட்டால், அரை நிமிடம் உள்ளே இருக்கிற காற்றில் தாக்குப்பிடிக்கலாம்.

சண்டைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. விழுந்தவன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிற வரைக்கும் மாஸ்டர் அவன்மேல் இருந்து கண்ணை எடுக்க மாட்டார். இங்கே கை இரண்டும் டிரம்முக்குள். அதனால், காலைப் பின்னினால் ஆபத்து, உடனே வெளியே இழு என்று பேசி வைத்தார்கள்.

காலையில் ஒத்திகை. மூக்கில் மணல் ஏறியதால் அருணகிரி காலைப் பின்னினான். உடனே இழுத்துப் போட்டார்கள். தும்மிக்கொண்டு எழுந்தவனைப் பார்த்து டைரக்டர் கைதட்டினார்.

"அந்தக் கால் பின்னுனது சூப்பர்! அத அப்படியே வெச்சுக்கலாம் மாஸ்டர். ஒரே ஒரு தபா பின்னட்டும், பிரிக்கட்டும். தியேட்டரே விழும்."

மாஸ்டரும் சிரித்தார், அருணகிரியும் சிரித்தான். ஆபத்தில் கூப்பிட இருந்த ஒரே அடையாளத்தைப் பிடுங்கி வேடிக்கைக்குக் கொடுத்துவிட்டோமே, வேறு அடையாளம் வைக்க வேண்டுமே என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நாளெல்லாம் அடிபட்டு அடிபட்டுச் சிரிக்க வைக்கிறவர்களுக்கு எது வலி, எது வேடிக்கை என்பதே மறந்துபோகும் போலிருக்கிறது. பூங்கொடிக்கு மட்டும் அது தோன்றியது. ஆனால் கூடை சுமக்க வந்தவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

ஹீரோ வருவதற்குச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. அதற்குள் கடல் மேலேறி, டிரம்முக்கு இருபது அடி வரைக்கும் அலை வந்து போய்க்கொண்டிருந்தது. பூங்கொடி எட்டிப் பார்த்தாள். காலையில் வெளுத்துக் கிடந்த டிரம்மின் அடிமணல் இப்போது கறுத்துப்போய், ஒரு சாண் தண்ணீர் நின்றது.

"சார், உள்ள தண்ணி ஊறுது சார்" என்றாள் உதவி டைரக்டரிடம்.

"கடலாண்ட தோண்டுனா தண்ணி ஊறாம பாலா ஊறும்? போய் உன் எடத்துல நில்லும்மா."

அருணகிரியிடம் ஓடினாள். அவனும் எட்டிப் பார்த்தான். "ஒரு சாணுதான, தல அது வரிக்கும் போவாது. நீ மூஞ்ச அப்டி வெச்சிக்காத, சிரி" என்றான்.

இரண்டு பேர் அவனைத் தூக்கித் தலைகீழாக இறக்கினார்கள். தண்ணீர் இருக்கிற குடத்துக்குள் கையை விட்டால் தண்ணீர் மேலே வரும் என்று பூங்கொடிக்குத் தெரியும். இவ்வளவு பெரிய ஆள் அடியில் கையூன்றி நின்றால், கடலும் ஏறிக்கொண்டிருந்தால்? அவள் அதை நினைத்து முடிப்பதற்குள் மணலைப் போட்டு மூடிவிட்டார்கள். "ஆக்‌ஷன்!"

கால் இரண்டும் ஆடின. ஹீரோ கையைத் தட்டிக்கொண்டு சுற்றி வந்தான். கால் பின்னியது. கூட்டம் சிரித்தது. கால் பிரிந்தது. சரி, சொன்னபடிதான் செய்கிறான், இதோ முடிந்துவிடும் என்று பூங்கொடி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கால் மறுபடியும் பின்னியது.

கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. "பிரமாதம், கட் பண்ணாத" என்றார் டைரக்டர் கேமராமேனிடம். மாஸ்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒரு தடவைதானே சொன்னார்கள்? மூன்றாவது தடவை பின்னிய கால் பிரியவில்லை. பெருவிரல் இரண்டும் விறைத்துக்கொண்டு நின்றன.

கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். சந்திரம்மா பின்னால் கத்தியது காதில் விழுந்தது. குறுக்கே நின்ற ஹீரோவை இரண்டு கையாலும் தள்ளினாள். அவன் மல்லாந்து விழ, கூட்டம் ஓவென்று விசிலடித்தது. அவள் காலைக் கட்டிக்கொண்டு இழுத்தாள், வரவில்லை. "ஐயோ, சாவுறாருய்யா! யாராவது வாங்களேன்!" என்று அலறினாள். அதற்கும் சிரித்தார்கள். கடைசியில் அவள் முகத்தைப் பார்த்த மாஸ்டருக்குத்தான் உறைத்தது. அவர் பாய்ந்து வந்து பிடித்தார், இன்னும் நாலு பேர் வந்தார்கள், அருணகிரி வெளியே வந்தான். உதடு நீலமாகியிருந்தது. குப்புறப் போட்டு முதுகில் அடித்ததும் தண்ணீரும் மணலுமாக வாந்தியெடுத்தான். ஒருவழியாக மூச்சு வந்தது. அப்புறம்தான் யாரோ மெதுவாக "கட்" என்றார்கள்.

மாஸ்டர் அங்கேயே மணலில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். "நாந்தாம்மா பாத்திருக்கணும். நாந்தான் பாத்திருக்கணும்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பூங்கொடி அருணகிரியின் வாயிலிருந்த மணலை வழித்துக்கொண்டிருந்தாள். மன்னிக்க அவளுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

அருணகிரி பதினைந்து நாள் இருமினான். அப்புறம் வேறொரு படத்துக்குக் கிளம்பிவிட்டான். தெரிந்த தொழில் அதுதானே. பூங்கொடியின் பரிசோதனையில் ஒன்று கூடியது. கடைசியாக அவன் மார்பில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்பாள்.

ஆறு மாதம் கழித்துப் படம் செங்கல்பட்டுக்கு வந்தது. தெருவே கிளம்பியதால் அவளும் போக வேண்டியதாயிற்று. அந்த ஷாட்டை வெட்டியிருப்பார்கள் என்று நினைத்தாள். வெட்டவில்லை. அவள் ஓடி வருவதையும் ஹீரோவைத் தள்ளுவதையும், எல்லாரும் கூடி அவனை இழுத்துப் போடுவதையும் சேர்த்தே வைத்திருந்தார்கள். அவள் அலறலை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பீப்பீ என்று ஒரு ஊதல் சத்தம் போட்டிருந்தார்கள்.

திரையில் கால் இரண்டாவது தடவை பின்னியபோது தியேட்டர் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. பூங்கொடி எழுந்து நின்றுவிட்டாள்.

"யக்கா, உக்காரு! மறைக்குது!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

அருணகிரி அவள் கையைப் பிடித்து இழுத்தான். "பூங்கொடி, நான் இங்கதான் கீறேன். உன் பக்கத்துலதான் கீறேன், பாரு."

அவளுக்குக் கேட்டது, புரியவும் செய்தது. அவன் கை சூடாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அங்கே முடி அவிழ்ந்த ஒருத்தி காலைக் கட்டிக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தாள், தியேட்டர் சிரித்துக்கொண்டிருந்தது. மணலை விட்டு வெளியே வந்து, முதுகில் அடி வாங்கி, அவன் வாயைத் திறந்து மூச்சை இழுத்த பிறகுதான் பூங்கொடி உட்கார்ந்தாள்.